ஈர மரத்தில் ஒரு கூடை

அந்தப் படம் மரச்சாமான் தொழிற்சாலையின் சேம்பிள் ரூமில், வெள்ளைப் பலகையில் ஒட்டப்பட்ட அன்று, மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் பெர்னிஸ் அதன் முன்னால்தான் நின்றாள். நாசி லெமாக் பொட்டலம் கையிலேயே ஆறிப்போனது.

படத்தில் இருந்தது ஒரு தோட்டக்கூடை. பிரம்போ மூங்கிலோ கிடையாது, முழுக்க மரம். விளிம்பாக வளைந்த, பட்டையாக அறுத்த ஒரு நீள மரத்துண்டு. கூடையின் அடியைச் சுற்றி மேலேறிக் கைப்பிடியாக மாறும் இன்னொரு பட்டை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய பலகைகள் ஒன்றின் ஓரத்தை இன்னொன்று மூடியபடி அடுக்கியிருந்தன. தரைக்கு வந்துவிட்ட ஒரு சின்னப் படகு போல இருந்தது அது. கூடைக்குள் மண் ஒட்டிய முள்ளங்கிகளும் ஒரு கொத்துக் கீரையும். பின்னால் ஈரமான கற்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியவில்லை. பெர்னிஸுக்குத் தெரிந்தது. மழை விட்ட மதியம், முழங்கால்வரை பூட்ஸ் போட்ட ஒரு பெண், அவள் கூப்பிட்டும் வராத ஒரு நாய். பெயர் தெரியாத ஊர்களின் வானிலைகூட அவளுக்கு மனப்பாடம்.

"என்னம்மா, மாதா சிலை முன்னால நிக்கிற மாதிரி நிக்கிற?"

சிவநேசன் காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தார். சேம்பிள் ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர் எந்த மேசை, நாற்காலி கேட்டாலும் முதல் மாதிரி அவர் கையிலிருந்துதான் போகும். தினமும் பூச்சோங்கிலிருந்து தெலுக் பங்லிமா காராங் வரை காரோட்டி வந்து, நெரிசலைத் திட்டிக்கொண்டே வேலையைத் தொடங்குவார்.

"இத நாம செய்யப் போறோமாண்ணே?"

"செய்ய முடியாதுன்னு நல்லபடியா சொல்லப் போறோம். நம்மகிட்ட இருக்கிறது ரப்பர் மரம். அது ஒடையும், வளையாது. நாற்காலி முதுகே கட்டையா எடுத்து மெஷின்ல அறுத்துத்தானே வளைவு காட்றோம். இப்படி ஒத்தைப் பட்டைய சுத்தி வளைக்க அது என்ன முறுக்கு மாவா?"

"அப்ப இதக் கேட்ட பையர் வந்தா?"

"அடுத்த வாரம் இல்ல, அதுக்கடுத்த திங்கக்கெழம வர்றாங்க. சதுரமா ஒரு பெட்டி, கயித்துக் கைப்பிடி. இதான் எங்க ஸ்டைல்னு சொல்லிக் காட்டிடுவோம்."

பெர்னிஸ் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"நான் செஞ்சு காட்றேன்."

சிவநேசன் சிரிக்கவில்லை. காப்பியை ஒரு மிடறு குடித்தார். போன வருடம் சேம்பிள் ரூமுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி அவள் கேட்டபோது, உன் கையால செஞ்ச ஒரு பொருளக் காட்டு என்று சொன்னவர் அவர். அவளிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை. அவள் வேலை சூட்டறை வாசலில். சூட்டறையில் உலர்ந்து வெளியே வரும் பலகைகளில் ஈரமானியின் இரண்டு ஊசிகளைக் குத்தி எண்ணைப் பார்ப்பாள். ஈரம் குறைவு என்றால் பச்சை நிற ஒட்டி ஒன்றை ஒட்டுவாள், அதிகம் என்றால் சிவப்பு நிற ஒட்டி. ஐந்தாண்டுகளாக அவள் மரத்துக்குச் செய்தது அவ்வளவுதான்.

"செஞ்சிட்டா?" என்றார் சிவநேசன்.

"செஞ்சிட்டா எனக்கு இங்க ஒரு மேச."

"முடியலைன்னா?"

"முடியும்ணே."

"சரி லா. திங்கக்கெழம காலைல பையர் மேசைக்கு வரும்போது அது அங்க இருக்கணும். வெறும் பேச்சு இல்ல, கூடை."

*

கிள்ளானில் பெர்னிஸ் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கார் இல்லை. அம்மா உர்சுலாவின் சமையல் பாத்திரங்கள்தான் இருந்தன. தேவாலயத் திருநாள்களுக்கும் கல்யாணங்களுக்கும் சமைப்பவள் அவள். அந்தப் பாத்திரங்களில் பெரியதைப் பெர்னிஸ் கேஸ் அடுப்பில் ஏற்றினாள். மூடியில் ஒரு துளை, துளையிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனை ஆள் நீளத்துக்குச் செய்த ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள். தண்ணீர் கொதித்ததும் பெட்டியின் இடுக்குகளில் ஆவி கசிந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தம்பி கெல்வின் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெட்டியைச் சுற்றி வந்தான்.

"அக்கா, இது புட்டுக் குழாய்தானே. கொஞ்சம் பெரிசு."

"அதேதான். மாவுக்குப் பதிலா மரம்."

"தேங்காய்ப்பூ போடுவியா?"

"உன் தலையில போடுறேன். கையுறைய மாட்டு."

அவள் திட்டம் தெளிவாக இருந்தது. ஆவியில் வெந்த மரம் இளகும். வெளியே எடுத்ததும் அது கெட்டியாவதற்குள், கூடையின் அளவில் செய்து வைத்த அச்சைச் சுற்றி வளைத்துக் கட்டிவிட வேண்டும். பெட்டிகளைக் கட்டும் இரும்புப் பட்டை ஒன்றைத் தொழிற்சாலையில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். வளைவின் வெளிப்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டால் நார் பிளக்காது. மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நன்றாக உலர்ந்த, முடிச்சில்லாத, தன் கையாலேயே பச்சை ஒட்டிய பலகைகள்.

முதல் பட்டை பாதி வளைவில் டக்கென்று உடைந்தது. இரண்டாவதை இன்னும் நேரம் வேகவைத்தாள். அதுவும் உடைந்தது. மூன்றாவதை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு வேகவைத்தாள். அது உடையாமல் பிளந்தது. உள்ளே நார்கள் துருத்திக்கொண்டு நின்றன.

"சிவநேசன் அங்கிள் சொன்னது சரிதானோ," என்றான் கெல்வின்.

"அவர் ஒடைஞ்சதப் பாத்துட்டு வளையாதுன்னு சொல்றாரு. ஏன் ஒடைஞ்சதுன்னு பாக்கல."

"நீ பாத்தியா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பேசாம இரு."

அம்மா வாசலுக்கு வந்து உடைந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கினாள். "என் பாத்திரம் சனிக்கிழமை எனக்கு வேணும். ஞானஸ்நான வீட்டுக்குப் பிரியாணி. அத மட்டும் ஞாபகம் வச்சிக்க."

*

காரணம் அவள் வேலை செய்யும் இடத்திலேயே வந்து நின்றது. புதன்கிழமை காலை அறுத்த மரம் ஏற்றிய லோரி பின்வாசலில் நுழைந்தது. புதிதாக வெட்டிய ரப்பர் மரம், பாலின் புளிப்பு நாற்றத்தோடு. இப்படி வரும் மரம் பூச்சி அரிக்காமலிருக்க முதலில் மருந்துத் தொட்டிக்குள் போகும், பிறகு சூட்டறைக்கு. அவள் கைக்கு வரும்போது அது எலும்பு போல உலர்ந்திருக்கும். உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதானே அவள் வேலை.

லோரியின் பின்பக்கத்தில் ஒரு நீளமான மெல்லிய பலகை அடுக்கிலிருந்து வெளியே நீண்டிருந்தது. லோரி குலுங்கி நிற்க, அதன் நுனி மேலும் கீழும் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது. பெர்னிஸ் அருகே போய் அதன் நுனியைப் பிடித்து அழுத்தினாள். இறங்கி வந்தது. விட்டாள். தயக்கமில்லாமல் மேலே போனது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாண்டுகளாக ஈரமான மரத்தைக் கண்டாலே அவள் கை சிவப்பு ஒட்டியைத் தேடும். கூடைக்கு மரம் எடுக்கும்போதும் அதே கைதான் தேர்ந்தெடுத்தது. நாற்காலிக்கு நல்ல மரம் கூடைக்கும் நல்ல மரம் என்று நினைத்துவிட்டாள். சூட்டில் ஒரு தடவை செத்துப்போன நாரை ஆவியால் எழுப்ப முடியாது. இந்த மரமோ இன்னும் சாகவே இல்லை.

மேற்பார்வையாளரிடம் கேட்டு, இரண்டு பலகைகளை மருந்துத் தொட்டிக்குப் போகும் முன்பே எடுத்துக்கொண்டாள்.

"மருந்துல முக்கிட்டு எடுத்துட்டுப் போ," என்றார் அவர்.

"தக்காளி வைக்கிற கூடைண்ணே. மருந்து வேணாம்."

தொழிற்சாலை ரம்பத்திலேயே ஒன்றைத் தடித்த பட்டைகளாகவும் மற்றதை மெல்லிய தகடுகளாகவும் அறுத்துக்கொண்டாள். ஈரம் போய்விடக்கூடாது என்று எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி, கெல்வினின் மோட்டார் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மறுநாள் மாலை விளிம்புப் பட்டை ஆவிப் பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது அதைப் பிடித்த கைக்கே வித்தியாசம் தெரிந்தது. அது தொய்ந்தது.

"இழு. வேகமா, ஆனா வெட்டி இழுக்காத. என் பக்கம் பாத்துக்கிட்டே வா."

கெல்வின் ஒரு முனை, அவள் ஒரு முனை. நடுவில் அச்சு. மரம் முனகியது, ஆனால் உடையவில்லை. முதல் மூலையைச் சுற்றியது. இரண்டாவது மூலை. இரும்புப் பட்டை வெளிப்பக்கம் இறுகி நின்றது. நான்காவது மூலையும் தாண்டி இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. பெர்னிஸ் பிடிப்பான்களை மாட்டி முறுக்கினாள்.

"அலாமாக்," என்றான் கெல்வின் மெதுவாக. "வளைஞ்சிருச்சு லா."

"நான்தான் சொன்னேனே."

கைப்பிடி வளையமும் அன்றே முடிந்தது. அம்மாவின் பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டது. இரண்டு வளையங்களும் அச்சிலேயே மின்விசிறிக்கு முன்னால் காய்ந்தன. மெல்லிய தகடுகளை மட்டும் பிளாஸ்டிக்கிலிருந்து அவள் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆணியடிக்கும்போது அவையும் ஈரமாக இருந்தால் வளைக்க வசதி என்று நினைத்தாள்.

*

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பூசைக்குப் போட்ட உடையோடே உட்கார்ந்து பிளாஸ்டிக்கைப் பிரித்தாள். முதலில் வந்தது வாடை. பிறகு நிறம்.

வெள்ளையாக இருந்த தகடுகளில் சாம்பல் கலந்த நீலம் படர்ந்திருந்தது. சிலவற்றில் ஓரத்தில் மட்டும். சிலவற்றில் மழை மேகம் போல முழுக்க. இழைப்புளியால் ஒரு தகட்டைச் சீவினாள். உள்ளேயும் நீலம். இன்னும் சீவினாள். நீலம் அந்தப் பக்கம்வரை போயிருந்தது.

நீலப் பூசணம். ரப்பர் மரத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த எதிரி. மருந்து படாத ஈர மரத்தில், காற்றில்லாத இடத்தில் வரும். அவளும் எத்தனையோ பலகைகளை அதற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஆனால் அவளுக்கு அந்த மரம் எப்போதும் சூட்டறைக்கு இந்தப் பக்கம்தான், உலர்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. அந்தப் பக்கத்தில், ஈரமாக இருக்கும்போது, அது எத்தனை வேகமாகக் கெடும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அம்மா குனிந்து பார்த்தாள். "இட்லி மாவ மூடி வச்சு மறந்த மாதிரி இருக்கு."

"ஆமாம்மா."

"தூக்கிப் போட்டுட்டு வேற எடு."

"இன்னிக்கு எங்க போய் எடுக்கிறது. தொழிற்சாலை பூட்டியிருக்கு."

அவள் வளையங்களைப் பார்த்தாள். காய்ந்து, வெளிறி, ஒரு கறைகூட இல்லாமல் இருந்தன. ஆவியில் வெந்தது, அன்றே காற்றில் காய்ந்தது. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் தவறு மரத்தில் இல்லை. கெட்டது அவள் மூடி வைத்தது மட்டும்தான். அதுவும் தேவையே இல்லாமல். இத்தனை மெல்லிய தகடுகளை உலர்த்தி வைத்துவிட்டு, ஆணியடிக்கும் முன் சுடுதண்ணீரில் நனைத்திருந்தாலே போதும். தடித்த பட்டைக்குத்தான் உயிருள்ள மரம் வேண்டும். மெல்லியதற்கு அது தேவையில்லை.

இது புரிந்ததும் அவளுக்குப் பதற்றம் விட்டுப்போனது. இப்போதைக்கு இந்த நீலத் தகடுகளையே அடிப்பது என்று சுத்தியலை எடுத்தாள்.

விளிம்பு வளையத்துக்குள் கைப்பிடி வளையத்தைப் பொருத்தி, நடுத்தகட்டை முதலில் வைத்தாள். அதன் இரண்டு பக்கமும் ஓரத்தை ஓரம் மூடும்படி மற்றவை. ஒவ்வொன்றின் முனையையும் விளிம்புக்கு ஏற்ப மேலே வளைத்து, சின்னச் செப்பு ஆணிகளை அடித்து, உள்ளே நீட்டிய முனைகளை மடக்கினாள். மதியத்துக்குள் கூடை தரையில் நின்றது. தட்டினால் ஆடியது, ஆனால் சாயவில்லை. நீலக் கறைகளோடு அது புயலில் மாட்டி வந்த படகு போல இருந்தது. எந்தக் கடலிலிருந்து, என்ன ஏற்றிக்கொண்டு என்று ஒரு கணம் அவள் மனம் போனது. பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, அதற்குள் அம்மாவின் அம்மிக்குழவியை வைத்து வீட்டைச் சுற்றி நடந்தாள். ஒரு ஆணிகூட அசையவில்லை.

*

"வால்நட் கலர் டை அடிச்சிடலாம்," என்றார் சிவநேசன்.

திங்கள் காலை, சேம்பிள் ரூம். கூடை மேசைமேல் இருந்தது. அவர் முதலில் விளிம்பைத்தான் பார்த்தார். நான்கு மூலைகளிலும் விரலை ஓட்டினார். உள்ளே ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் கூடையைத் திருப்பி நீலத் தகடுகளைப் பார்த்தார். அதன் பிறகுதான் டை பற்றிப் பேசினார்.

"கடும் பிரவுன். ஒரு கோட்டு போதும், நீலம் தெரியாது. நாம எத்தன மேசைக்கு அடிச்சிருக்கோம்."

"மேச வீட்டுக்குள்ள இருக்கும்ணே. இது மழையில கெடக்கும். டை கரைஞ்சு கீரையில ஒட்டும்."

"அது அப்புறம் பாத்துக்கலாம். இப்ப பையர் வர்றாங்க. மொதல்ல ஓடர் கெடைக்கட்டும்."

"ஓடர் கெடைச்சா என்ன செய்வீங்க? இதே மாதிரி ஆயிரம் கூடை செய்வோம். அவ்வளவும் கப்பல்ல மூடிய பெட்டிக்குள்ள ஈரத்தோட போகும். அங்க போய்த் தெறந்தா எல்லாம் நீலமா இருக்கும். அன்னிக்கு யார் டை அடிக்கிறது?"

"ஓய், நீ இன்னும் இந்த ரூமுக்கு வரல. அதுக்குள்ள என்னையே திருப்பி அனுப்புற."

"அதுதானே என் வேல."

அவள் சட்டைப் பையிலிருந்து ஒட்டிகளை எடுத்தாள். விளிம்பில் ஒரு பச்சை. கைப்பிடியில் ஒரு பச்சை. பிறகு ஒவ்வொரு தகட்டிலும், விடாமல், சிவப்பு.

சிவநேசன் நெற்றியைத் தேய்த்தார். "பைத்தியமா பெர்னிஸ் உனக்கு? நீ செஞ்ச பொருளுக்கு நீயே ரிஜெக்ட் போடுறியே. மேச வேணும்னு கேட்ட. பேச்சு ஞாபகம் இருக்கா?"

"கூடை இருக்கணும்னு சொன்னீங்க. இருக்கு. தெரியாத மாதிரி மூடி வச்சு வாங்குற மேச எனக்கு வேணாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு திறந்தது.

இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பையர் உயரமான பெண். பயணக் களைப்பு முகத்தில் தெரிந்தது. சதுரப் பெட்டியும் கயிற்றுக் கைப்பிடியும் இன்னொரு மேசையில் இருந்தன. அவள் அவற்றைத் தாண்டி நேராகக் கூடையிடம் வந்தாள். இது ரப்பர் மரமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சிவநேசன் ஆமாம் என்றார். வளைத்ததா, அறுத்ததா? சிவநேசன் பெர்னிஸைக் காட்டினார்.

அந்தப் பெண் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். சுற்றிலும் பார்த்து, வாசலில் இருந்த பெயிண்ட் டின்களில் இரண்டை எடுத்து உள்ளே வைத்து மறுபடி தூக்கினாள். அறைக்குள் நடந்தாள். பிறகு கூடையை இறக்கிவிட்டு, இந்தச் சிவப்பெல்லாம் என்ன என்று கேட்டாள்.

பெர்னிஸ் சொன்னாள். அவள் ஆங்கிலம் மெதுவாக வந்தது, ஆனால் தடுக்கவில்லை. பச்சை ஒட்டிய பாகங்களை இன்றே ஏற்றுமதி செய்யலாம். சிவப்பு ஒட்டியவை என் தவறு. ஈர மரத்தை மூடி வைத்துவிட்டேன். பட்டைக்கு மட்டும் ஈர மரம் வேண்டும், அதை வெட்டிய கையோடு ஆவியில் வைத்து வளைக்க வேண்டும். தகடுகளுக்கு உலர்ந்த மரமே போதும், நனைத்து அடிக்கலாம். இந்தக் கூடையை நீங்கள் வாங்கக்கூடாது. அடுத்ததை வாங்கலாம்.

அந்தப் பெண் ஒரு சிவப்பு ஒட்டியை நகத்தால் உரித்து, கீழே இருந்த நீலத்தைப் பார்த்து, மறுபடி அங்கேயே ஒட்டினாள். வேறு தொழிற்சாலைகளிலிருந்து வந்த மாதிரிகளைப் பற்றிச் சொன்னாள். எல்லாம் அழகாக இருந்தன. எதில் என்ன கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. மழைக்காலம் வந்த பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வரை கோலாலம்பூரில் இருக்கிறேன். அடுத்ததை அதற்குள் பார்க்க முடியுமா?

"முடியும்," என்றாள் பெர்னிஸ். சிவநேசனைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் போன பிறகு சிவநேசன் நாற்காலியில் சாய்ந்தார். பெயிண்ட் டின்கள் இன்னும் கூடைக்குள்ளேயே இருந்தன.

"ஓடர் இன்னும் கெடைக்கல," என்றார்.

"தெரியும்ணே."

"வெள்ளிக்கெழம வேற மாதிரி சொன்னாலும் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "மேச ஜன்னல் பக்கம் வேணுமா, ரம்பத்துப் பக்கம் வேணுமா?"

"ரம்பத்துப் பக்கம்."

"அந்தப் பக்கம் ஏர்கோன் வராது."

"பரவால்ல. ஆவிப் பெட்டிக்கு அதான் வசதி."

*

அடுத்த நாள் காலை லோரி வந்ததும் அவள் பட்டைகளை அறுத்து, மதியத்துக்கு முன்பே ஆவியில் வைத்துவிட்டாள். இந்த முறை பெட்டி ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. அம்மாவின் பாத்திரம் கிடைக்கவில்லை. தொழிற்சாலைக் கேண்டீனிலிருந்து வாங்கிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. உலர்ந்த தகடுகள் மேசையில் வெள்ளையாக அடுக்கியிருந்தன.

கெல்வின் துறைமுகத்தில் இருந்தான். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். சிவநேசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். கையுறைகளை வாங்கி மாட்டினார்.

"நான் எங்க நிக்கணும்?"

"எனக்கு எதிர்ல. நான் சொல்ற வரைக்கும் இழுக்காதீங்க. சொன்ன பிறகு நிறுத்தாதீங்க."

"சரி பாஸ்."

அவள் பெட்டியைத் திறந்தாள். ஆவி இருவர் முகத்திலும் அடித்தது. பட்டை வெளியே வந்தது, தொய்ந்து, சூடாக, பாலின் புளிப்பு வாடையோடு. இரும்புப் பட்டையை வெளிப்பக்கம் வைத்து முனையை அவரிடம் நீட்டினாள். அவர் உடனே இழுத்தார்.

"மெதுவாண்ணே. இது நாற்காலி இல்ல."

அவர் பிடியைத் தளர்த்தினார். அவள் கண்ணைப் பார்த்தார். மரம் முதல் மூலையில் திரும்பத் தொடங்கியது.

"இப்ப இழுங்க," என்றாள்.